சூதாட்டக் கூடங்களின் தற்காப்புரை: சொல்லும் கணக்கும்

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் உள்ளது. கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே 94ஆம் அதிகாரமாக அது வைக்கப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆயினும் வகுப்பறையில் நாம் அதனைப் பெரும்பாலும் அறவுரையாகவே நடத்திவிடுகிறோம். ஊன்றிப் படித்தால் அதன் குறட்பாக்களுள் பல வரவு செலவைப் பற்றியே பேசுவது விளங்கும். வெற்றி, தூண்டிலில் மீன் விழுங்கிய இரைக்கு ஒப்பாகிறது. ஒன்று வர நூறு போகும் கணக்கு காட்டப்படுகிறது. வழிவழி வந்த செல்வம் கரைவது சுட்டப்படுகிறது. சூதினால் பொருள் வரும் என்று வாதிட்டோர் அக்காலத்தும் இருந்தனர் என்றும், வள்ளுவர் அவர்தம் களத்திலேயே நின்று விடையிறுத்தார் என்றும் கொள்ள இடமுண்டு.

இக்காலச் சூதாட்டக் கூடத் தொழிலும் அறத்தின் பெயரால் தன்னைத் தற்காத்துக்கொள்வதில்லை. வேலை வாய்ப்பு, சுற்றுலா வருவாய், அரசுக்குக் கிடைக்கும் வரி, பாதிப்புறுவோர் மிகச் சிலரே என்னும் புள்ளிவிவரம் ஆகிய நான்கு தூண்களின்மேல் அதன் தற்காப்புரை நிற்கிறது. இத்தற்காப்புரை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிங்கப்பூரை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். சிங்கப்பூரைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. அங்கு இவ்விவாதம் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக நடந்தது. மேலும், மலேசியர்களாகிய நாம் அதன் அண்டை வீட்டார். அக்கணக்கேட்டின் மறுபக்கத்தில் நிற்பவர்கள்.

சொல் மாறிய வரலாறு

அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பிற மாநிலங்கள் நெடுங்காலம் தயங்கின. 1990களில் ஆற்றுப்படகுச் சூதாட்டக் கூடங்களும் பழங்குடியினர் நடத்தும் கூடங்களும் பெருகியபோது, இத்தொழிலுக்கு நாடு தழுவிய எதிர்ப்பு எழுந்தது. அதனை எதிர்கொள்ளத் தொழில் நிறுவனங்கள் ஒன்றுகூடி வாஷிங்டனில் அமெரிக்க கேமிங் சங்கத்தை நிறுவின. குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக இருந்த ஃபிராங்க் ஃபாரன்காஃப் 1995 முதல் 2013 வரை அதன் தலைவராக விளங்கினார். சங்கத்தின் பெயரே ஒரு வாதமாக அமைந்திருப்பதைக் காண்க. கேம்பிளிங் என்றால் சூது. கேமிங் என்றால் ஆட்டம், விளையாட்டு. ஆங்கிலத்தில் இவ்விரண்டாம் சொல்லும் பழையதே எனினும், தொழில்துறை அதனைத் தன் முகவரியாக ஏற்றுக்கொண்டமை தற்செயல் அன்று.

சொற்பொருள் மாற்றம் மொழிக்கு இயல்பானது. தமிழிலேயே ஓர் அரிய சான்று உண்டு. வள்ளுவர் கழகம் என்று கூறுவது சூதாடும் இடத்தை. இன்று அச்சொல் கட்சிக்கும் சங்கத்திற்கும் பெயராகி, நாம் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் மதிப்போடு அமர்ந்திருக்கிறது. அம்மாற்றத்திற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. யாரும் திட்டமிட்டுச் செய்ததும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சூதாட்டத்திற்கு நேர்ந்த பெயர் மாற்றத்தையோ விளம்பரத் துறையின் பணி எனல் தகும்.

சிங்கப்பூர் இவ்வகையில் ஒரு படி முன்னேறியது. 2004, 2005ஆம் ஆண்டுகளின் விவாதத்தில் அரசு முன்வைத்த பெயர் இண்டகிரேட்டட் ரிசார்ட் என்பதாகும். தமிழில் அது ஒருங்கிணைந்த உல்லாசத் தலம் என்று வழங்கலாயிற்று. எதனோடு எது ஒருங்கிணைகிறது என்பதை இத்தொடர் கூறுவதில்லை. சூது என்னும் சொல் அதில் இல்லவே இல்லை. மாநாட்டு மண்டபம், தங்கும் விடுதி, அருங்காட்சியகம், கேளிக்கைப் பூங்கா ஆகியவற்றோடு சூதாட்டக் கூடமும் ஓர் உறுப்பு என்பது அதன் கருத்து. ஜப்பான் 2018-இல் இயற்றிய சட்டத்தில் இப்பெயரையே எடுத்தாண்டது. தாய்லாந்து அரசு 2025-இல் கொண்டுவந்து, அவ்வாண்டிலேயே மீட்டுக்கொண்ட சட்ட முன்வரைவில் பொழுதுபோக்கு வளாகம் என்னும் பெயரைக் காண்கிறோம். பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடினும் விடுபடும் சொல் ஒன்றே.

நம் நாட்டில் இப்பெயர் சூட்டல் தேவைப்படவில்லை. கெந்திங் மலையில் லிம் கோ டோங் அவர்களுக்கு 1969-இல் உரிமம் வழங்கப்பட்டு, 1971-இல் முதல் விடுதி திறக்கப்பட்டது. மலைமேல் சாலை அமைத்து ஒரு கோடை வாழிடத்தை உருவாக்குவதற்கான ஊக்குவிப்பாகவே அவ்வுரிமம் கருதப்பட்டது. முஸ்லிம்கள் அதனுள் நுழையத் தடை உள்ளது. நாட்டின் சட்டபூர்வமான சூதாட்டக் கூடம் இன்றளவும் அது ஒன்றே என்பதால், பெரிய பொது விவாதம் எழவும் இல்லை. விரிவான தற்காப்புரை உருவாகவும் இல்லை.

2005ஆம் ஆண்டின் விவாதம்

சூதாட்டக் கூடம் பற்றிய எண்ணம் சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டுப் பொருளாதாரத் தேக்கத்தின்போதே எழுந்து கைவிடப்பட்டது. 2004 மார்ச்சில் வர்த்தகத் தொழில் அமைச்சர் ஜார்ஜ் இயோ அதனை நாடாளுமன்றத்தில் மீண்டும் எழுப்பினார். சமயக் குழுக்களும் தொண்டூழிய அமைப்புகளும் எதிர்த்தன. பல்லாயிரவர் கையொப்பமிட்ட மனு ஒன்றும் அளிக்கப்பெற்றது. 2005 ஏப்ரல் 18ஆம் நாள் பிரதமர் லீ சியன் லூங், இரு உல்லாசத் தலங்களை அமைக்க அரசு முடிவு செய்திருப்பதை அறிவித்தார். அவற்றால் பொருளாதாரம் முழுவதிலும் ஏறத்தாழ 35,000 வேலைகள் உருவாகும் என்பது அன்றைய மதிப்பீடு. மறுநாள் உரையாற்றிய லீ குவான் இயூ, தாம் நெடுங்காலம் இதனை எதிர்த்து வந்ததையும் பின்னர் நிலை மாறியதையும் விளக்கினார்.

அரசு தரப்பின் உரைகளில் சூதாட்டம் நல்லது என்னும் கூற்று எங்கும் இல்லை. தீமை உண்டு என்பதை ஏற்று, அதனைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்றும், வேண்டா என்று விட்டால் சுற்றுலாவில் அண்டை நகரங்களுக்குப் பின்தங்க நேரும் என்றும் வாதிடப்பட்டது. வாதம் இவ்வாறு நேர்மையாக அமைந்தமையால்தான் அதனோடு வந்த கட்டுப்பாடுகளும் கடுமையாக அமைந்தன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல ஒரு நாளைக்கு 100 வெள்ளி அல்லது ஓராண்டுக்கு 2,000 வெள்ளி நுழைவுத் தீர்வை செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் இது முறையே 150 வெள்ளியாகவும் 3,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. பிரச்சினைக்குரிய சூதாட்டத்திற்கான தேசிய மன்றம் 2005-இல் அமைக்கப்பெற்றது. ஒருவர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளவும், குடும்பத்தார் அவரை விலக்கக் கோரவும் வழி செய்யப்பட்டது. நொடித்துப்போனவர்களும் அரசின் பண உதவி பெறுவோரும் விண்ணப்பமின்றியே விலக்கப்பட்டனர். உள்ளூர் மக்களைக் குறிவைக்கும் விளம்பரமும் கூடாது. இரு தலங்களிலும் 2010ஆம் ஆண்டில் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து இலவசப் பேருந்துகள் இயக்கப்பட்டதும் அதிகாரிகள் தலையிட்டு நிறுத்தியதும், தொழிலின் நாட்டம் இயல்பாக எத்திசையில் செல்லும் என்பதற்குச் சிறு சான்று.

பகுதி மாறினால் பொருள் மாறும்

இலக்கணத்தில் பகுபதத்தின் பகுதியை மாற்றினால் சொல்லின் பொருளே மாறிவிடும். பின்னத்தில் கீழே நிற்கும் எண்ணுக்கும் பகுதி என்றே பெயர். ஆங்கும் அப்படியே. சூதாட்டத் தற்காப்புரையின் நுட்பம் முழுவதும் எப்பகுதியைத் தேர்வது என்பதிலேயே உள்ளது என நாம் கருதுகிறோம்.

பரப்பளவை முதலில் நோக்குவோம். சிங்கப்பூரில் ஒவ்வொரு தலத்திலும் சூதாட்டத்திற்குரிய பரப்பு 15,000 சதுர மீட்டரைத் தாண்டலாகாது என வரம்பு இடப்பட்டது. இது கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. ஜப்பானியச் சட்டமோ 3 விழுக்காடு என வரையறுத்தது. கேட்போர் மனத்தில் பதிவது, இது நூற்றில் மூன்றோ ஐந்தோ பங்குள்ள சிறு உறுப்பு என்பதே. ஆனால் பகுதியைப் பரப்பிலிருந்து வருவாய்க்கு மாற்றிப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 2019-இல் மரினா பே சாண்ட்ஸின் நிகர வருவாய் ஏறத்தாழ 310 கோடி அமெரிக்க வெள்ளி. அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு சூதாட்டக் கூடத்திலிருந்து வந்தது. கூற்றுகள் இரண்டும் உண்மை. எனினும் பொதுமேடையில் முதலாவதும் முதலீட்டாளர் அறிக்கையில் இரண்டாவதும் இடம்பெறுகின்றன.

அடுத்துப் பாதிப்புறுவோர் விழுக்காடு. வயது வந்தோரில் ஒரு விழுக்காட்டினரே சூதாட்ட நோய்க்கு ஆளாகின்றனர், ஏனைய 99 விழுக்காட்டினர்க்கு அது எளிய பொழுதுபோக்கு என்பது அமெரிக்கத் தொழில்துறை பலகாலும் எடுத்துரைத்த வாதம். இங்குப் பகுதி, நாட்டில் வாழும் வயது வந்தோர் அனைவரும். சூதாட்டக் கூடத்தின் வாசலையே மிதிக்காதவர்களும் அதில் அடக்கம். ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை வேறொரு பகுதியைத் தேர்ந்தது. வயது வந்தோரில் 2.1 விழுக்காட்டினரே பிரச்சினைக்குரிய சூதாடிகள் என அதுவும் கண்டது. ஆனால் சூதாட்டத் தொழில்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களிடமிருந்தே வருவதாக மதிப்பிட்டது. அதே ஆணையம் 2010-இல் சூதாட்டப் பொறிகளை மட்டும் தனியே ஆராய்ந்தபோது, செலவிடப்படும் தொகையில் 40 விழுக்காடு இத்தகையோருடையதாக இருக்கலாம் என்றது. மதிப்பீட்டின் கீழெல்லையும் மேலெல்லையும் வெகுவாக விலகியுள்ளன என்பதையும் ஆணையமே கூறியது. கீழெல்லையைக் கொண்டாலும் அது ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல். மக்கள்தொகையில் இரண்டு விழுக்காட்டினர் ஒரு தொழிலின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ தருவார்களாயின், அவர்களைத் தொழிலின் ஓரத்தில் நிற்போர் என்றல் இயலாது. பொறுப்பான சூதாட்டம் என்னும் தொடரை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அத்தொடர் பொறுப்பை ஆடுவோனிடம் ஒப்படைக்கிறது. வருவாயின் பிறப்பிடம் பற்றிய வினாவை எழவிடுவதில்லை.

வேலையும் சுற்றுலாவும்

தற்காப்புரையின் வலுவான தூண் இது. எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. சிங்கப்பூருக்கு வந்த பயணிகள் 2009-இல் ஏறத்தாழ 9.7 மில்லியன்; 2010-இல் 11.6 மில்லியன், 2019-இல் 19.1 மில்லியன். இரு தலங்களும் தொடக்க ஆண்டுகளிலேயே 20,000க்கும் மேற்பட்டோரை நேரடியாகப் பணியில் அமர்த்தின. 2009 உலகப் பொருளாதார நெருக்கடி ஆண்டு என்பதையும், அதற்கு முந்திய 2008-இல் 10.1 மில்லியன் பயணிகள் வந்திருந்தனர் என்பதையும், ஆசிய நாடுகளின் நடுத்தர வகுப்பு இக்காலத்தில் வளர்ந்ததையும், கார்ப் பந்தயம் முதலிய பிற ஈர்ப்புகளையும் கழித்தே கணக்கிட வேண்டும். கழித்த பின்னரும் எஞ்சுவது சிறிதன்று.

இவ்விடத்துப் பொருளியலார் செய்யும் ஒரு வேறுபாடு ஆசிரியர்களுக்குப் பயன்படும். உள்ளூர்வாசி ஒருவர் மேசையில் 100 வெள்ளி இழந்தால், அப்பணம் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறுகிறது. சூதாட்டக் கூடம் இல்லையெனில் அதனை அவர் உணவகத்திலோ புத்தகக் கடையிலோ செலவிட்டிருப்பார். ஆகவே புதிய செல்வம் என எதுவும் இல்லை. வெளிநாட்டவர் இழக்கும் 100 வெள்ளி அப்படியன்று. அது ஏற்றுமதி வருவாயைப் போல் நாட்டுக்குள் வருகிறது. அமெரிக்க அரசு அமைத்த தேசியச் சூதாட்டத் தாக்க ஆய்வு ஆணையமும் 1999ஆம் ஆண்டு அறிக்கையில், தொலைவிலிருந்து பயணிகளை ஈர்க்கும் பெருந்தலங்களையும் அக்கம் பக்கத்தாரை நம்பியிருக்கும் சூதாட்டத்தையும் பிரித்துக் காட்டியது; மேலும் விரிவாக்குமுன் சற்று நிறுத்திச் சிந்திக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

சிங்கப்பூரின் நுழைவுத் தீர்வை இவ்வேறுபாட்டைச் சட்டமாக்கியது எனலாம். உள்ளூர்வாசியின் வரவால் நாட்டுக்கு ஆதாயம் இல்லை, கேடு உண்டு என்பதை அரசே தன் கட்டணப் பட்டியலில் எழுதி வைத்தது போன்றது அது. சூதாட்டம் தீங்கற்ற பொழுதுபோக்கு என்னும் வாதத்திற்கு இதனினும் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

ஏற்றுமதி வாதத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. நியூ ஜெர்சி மாநிலம் அட்லாண்டிக் சிட்டி நகரை மீட்டெடுப்பதற்காக 1976-இல் வாக்கெடுப்பின் வழி சூதாட்டத்தை அனுமதித்தது. 1978-இல் முதல் கூடம் திறக்கப்பட்டது. அண்டை மாநிலங்கள் பின்னாளில் தத்தம் கூடங்களைத் திறந்ததும் பயணிகள் குறைந்தனர். 2014ஆம் ஆண்டில் மட்டும் அங்கு நான்கு கூடங்கள் மூடப்பட்டன. அண்டை வீட்டார் வாங்கும்வரைதான் ஏற்றுமதி. ஒசாக்காவில் உல்லாசத் தலம் அமைக்க ஜப்பானிய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்தது; அதற்கு முன்னரே, 2019-இல், சிங்கப்பூரின் இரு நிறுவனங்களும் விரிவாக்கத்தில் பெருமுதலீடு செய்ய உடன்பட்டிருந்தன.

எண்ணப்படாதோர்

எதிர்ப்பாளர் அஞ்சியவாறு நடந்ததா? நேர்மையாக விடை கூறுவோம். தேசிய மன்றம் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் ஆய்வில், பிரச்சினைக்குரிய சூதாடிகளாகவும் நோய்நிலைச் சூதாடிகளாகவும் கருதத்தக்கோர் 2011-இல் 2.6 விழுக்காட்டினர். இது 2014-இல் 0.7 ஆகவும், 2017-இல் 0.9 ஆகவும், 2020-இல் 1.2 ஆகவும் இருந்தது. கூடங்கள் திறந்தால் சூதாட்ட நோய் கட்டுக்கடங்காமல் பெருகும் என்னும் கணிப்பை இவ்வெண்கள் மெய்ப்பிக்கவில்லை. இதனை மறைத்து எழுதுவது ஆய்வாகாது. ஆனால் இவ்வெண்களைத் தொழில்துறையின் நற்சான்றாகக் கொள்வதும் பொருந்தாது. தீர்வையும் விலக்கு ஆணைகளும் விளம்பரத் தடையும் அத்தொழில் விரும்பிக் கேட்டவை அல்ல. அவை இல்லாதிருந்தால் எண் என்னவாக இருந்திருக்கும் என்பதே சரியான வினா.

மேலும் ஒன்று. இங்கும் பகுதியைக் கவனிக்க வேண்டும். இவ்வாய்வு எண்ணுவது சிங்கப்பூர்க் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே. தீர்வை செலுத்துவோரும் அவர்களே. வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டிக் கட்டணமின்றி நுழைகின்றனர். வெளிநாட்டவர் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது செல்வம் மிக்க சுற்றுலாப் பயணியின் உருவம். நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் செல்லும் ஜொகூர்வாசியும், கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்நாட்டு, வங்காளதேச இளைஞரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்களே. ஊரில் கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டி வந்த ஒரு தொழிலாளிக்கு, அவருடைய முதலாளிக்கு 150 வெள்ளி விலையுள்ள வாயில் இலவசமாகத் திறந்திருக்கிறது. இவர்களுள் பல்லாயிரவர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுள்ளனர் என்பது இச்சிக்கல் கற்பனையன்று என்பதைக் காட்டும். அவற்றுள் சில முதலாளிமாரின் தூண்டுதலால் இடப்பட்டவை.

ஏற்றுமதிக் கணக்கில் இவர்களின் இழப்பு முழுவதும் வரவாகவே எழுதப்படும். இழப்பின் மறுபாதியாகிய அடைக்கப்படாத கடனும் நின்றுபோன பள்ளிக் கட்டணமும் விற்கப்பட்ட நகையும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் புதுக்கோட்டையிலும் நிகழ்பவை. எந்த நாடாளுமன்றத்தின் செலவுப் பத்தியிலும் அவை ஏறுவதில்லை. சிங்கப்பூர் அரசு தன் குடிமக்களைக் காக்கச் செய்தவை பல, அவை பெரும்பாலும் பயனளித்தன என்பதை முன்னர்க் கண்டோம். அக்காப்பின் எல்லை குடியுரிமையின் எல்லையோடு முடிகிறது. நுழைவுத் தீர்வையின் இப்போதைய விகிதம் 2024-இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோதும், அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் உரியதாகவே தொடர்ந்தது.